தாத்தாவின் வானொலியும் இரண்டு எர்த்தும்

இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லும் பாட்டிமார் நம் ஊர்ப்பக்கம் உண்டு. என் தாத்தாவோ உடனே எழுந்து தம் வானொலிப் பெட்டியிலிருந்து ஆண்டெனாக் கம்பியைக் கழற்றிவிடுவார். அவர் அரசு உரிமம் பெற்ற ஹாம் வானொலியாளர். மாமல்லபுரத்தை அடுத்த கடலோரச் சிற்றூரில் அவர் வீடு. விடுமுறை வந்தால் செங்கற்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக அங்கே போய்விடுவேன்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் ஹாம் பெண்மணி, வானொலி வழியே அந்தமான் செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார். அவர் குரலைத் தாத்தா இந்தப் பெட்டியில்தான் கேட்டாராம். எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காத கதை அது.

சென்ற தீபாவளி விடுமுறையில் ஓர் இரவு, கிணற்றோரத் தென்னையில் இடி விழுந்தது. காலையில் பெட்டிக்கு உயிரில்லை. கருகிய வாசனைதான் வந்தது. "ஆண்டெனாவைக் கழற்றிவிட்டேனே!" என்று தாத்தா திகைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு நாள் யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். வீட்டு மின்சாரத்துக்குக் கிணற்றோரம் ஓர் எர்த். வானொலிக்குச் சன்னலடியில் வேறோர் எர்த். இடி விழுந்த கணத்தில் கிணற்றோர மண்ணில் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட்டுக்கு ஏறியது. சன்னலடியில் அவ்வளவு ஏறவில்லை. "மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்குத்தானே ஓடும், கண்ணு? ஓடுவதற்கு என் பெட்டிதான் வாய்க்காலாயிற்று!" என்றார். மின்சாரப் பிளக்கைப் பிடுங்காததும் தம் தவறே என்று ஒப்புக்கொண்டார்.

1753-இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிக்மான் என்ற அறிஞர், பூமியோடு இணைக்காத கம்பியை வீட்டுக்குள் கொண்டுவந்து இடிமின்னலை ஆராய முயன்று உயிரிழந்தார். அதைச் சொல்லி, "நமக்குப் பெட்டியோடு போயிற்றே!" என்று பெருமூச்சு விட்டார்.

பிறகு பள்ளம் தோண்டி, இரண்டு எர்த்தையும் கனத்த செம்புப் பட்டையால் இணைத்தோம். மண் அள்ளியது நான்தான்! ஆண்டெனாக் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் காப்பான் பொருத்தி, அதையும் அதே செம்பில் சேர்த்தோம். கடற்கரை மணல் சீக்கிரம் காயும். ஆகவே கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். அவற்றைச் சோதிப்பது தாத்தா வேலை.

பழுது பார்த்த பெட்டி இன்று மீண்டும் பேசுகிறது. தோழியரே, எவ்வளவு காப்பு இருந்தாலும், இடி தொலைவில் முழங்கும்போதே ஆண்டெனாவையும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். தலைக்குமேல் வந்தபின் கம்பியைத் தொடவே கூடாது. புயல் நாளில்தான் வானொலி பிறருக்கு உதவும். அன்று அது உயிரோடிருக்க, வெயில் நாளிலேயே மண்ணைத் தோண்ட வேண்டும்.