கிளி பொம்மையில் எபிசோடு எண்

ஒரு பாட்காஸ்டின் ரசிகர்களிடம், "நம்ம நிகழ்ச்சி பேர்ல என்ன பொருள் போடலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் பதில் காபி கோப்பையாகத்தான் இருக்கும். அப்புறம் டி-ஷர்ட், சாவிக்கொத்து, லேப்டாப்பில் ஒட்ட ஸ்டிக்கர். நான் விடாமல் கேட்கும் தமிழ் பாட்காஸ்ட் ஒன்றை நடத்துபவர்கள் மார்கழியில் இப்படிக் கேட்டபோதும் அதுதான் நடந்தது. ஆச்சரியமில்லை. அமெரிக்கப் பொது வானொலி நிலையங்கள் நன்கொடை தரும் நேயர்களுக்குக் கோப்பையும் துணிப்பையும் அனுப்பிப் பல காலமாகப் பழக்கியிருக்கின்றன. பாட்காஸ்ட்காரர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குக் கோப்பை என்றதும் ஊர் ஞாபகம் வந்தது. என் ஊர் விருத்தாசலம். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கும். எங்கள் ஊரில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, அந்தத் தொழில்நுட்பத்தைச் சொல்லித்தர அரசுப் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. பழைய வீட்டு மீட்டர் பெட்டியில் இருந்த வெள்ளை பியூஸ் கேரியர், கொலுப்படியில் நிற்கும் சின்ன பொம்மை இதெல்லாம் எங்கள் ஊரிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

பொங்கலுக்குப் போனபோது தெரிந்த அண்ணன் ஒருவரின் பட்டறையில் விசாரித்தேன்.

"நூறு காபி மக் வேணும்ணே, பேர் போட்டு."

"நூறுக்கு மோல்டு யாரு போடுவா தம்பி?"

அவர் கணக்கு சரிதான். களிமண், குவார்ட்ஸ், பெல்ஸ்பார் மூன்றையும் தண்ணீரில் கரைத்த கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, உள்சுவரில் களிமண் படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, இறுகியதும் அச்சைப் பிரிக்கிறார்கள். ஓர் அச்சு ஐம்பது, நூறு வார்ப்புகளில் தேய்ந்துவிடும். பிறகு பிசிறு தேய்த்து, சுட்டு, கிளேஸில் முக்கி, மறுபடி சுட வேண்டும். சூளை நிறைந்தால்தான் எரிக்கக் கட்டுப்படியாகும்.

பெயர் போட்டுத் தரும் கடைகளில் இந்த வேலை எதுவும் இல்லை. பாலிமர் பூசிய வெற்றுக் கோப்பைகளை மொத்தமாக வாங்கி வைத்திருப்பார்கள். படத்தைத் தாளில் அச்சிட்டு, கோப்பையில் சுற்றி, 180 டிகிரிக்குமேல் சில நிமிடம் அழுத்தினால் சாயம் பூச்சுக்குள் இறங்கிவிடும். ஒன்றே ஒன்று வேண்டுமானாலும் கிடைக்கும். அண்ணனால் அந்த விலைக்குத் தர முடியாது.

பட்டறையின் பின்பக்கம் இரண்டு அக்காக்கள் கிளி பொம்மைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்கு ஒரு புள்ளி, மூக்குக்கு ஓர் இழுப்பு. வரிசையாக அடுக்கியிருந்தாலும் ஒரு கிளியின் முகம் இன்னொன்றுக்கு இல்லை. அதைப் பார்த்ததும் மாமாவின் அட்டைகள் நினைவுக்கு வந்தன.

மாமா சிற்றலை வானொலிப் பைத்தியம். இலங்கை வானொலியில் பெயர் வாசிக்கத் தபால் அட்டை போட்ட தலைமுறை. 1963இல் தொடங்கிய சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்புக்குத் தமிழ்நாட்டில் நேயர் மன்றங்களே இருந்தன. எந்தத் தேதி, எந்த நேரம், எந்த அலைவரிசை, என்ன கேட்டோம், எவ்வளவு தெளிவு என்று எழுதி அனுப்பினால், நிலையம் சரிபார்த்து 'க்யூ.எஸ்.எல்.' அட்டை அனுப்பும். முன்பக்கப் படம் எல்லோருக்கும் ஒன்றுதான். பின்பக்கம் அவரவர் பெயரும் தேதியும் அலைவரிசையும் இருக்கும். மாமா திருப்பித் திருப்பிக் காட்டியது பின்பக்கத்தைத்தான். அது கடையில் கிடைக்காது. உட்கார்ந்து கேட்டு, எழுதிப் போட்டவருக்குத்தான் வரும்.

ரசிகர்கள் 'இதைப் போடுங்க, அதைப் போடுங்க' என்பதை மாமாவின் கடிதம்போலவே நான் எடுத்துக்கொள்கிறேன். 'நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்' என்கிறார்கள். பதிலுக்கு எல்லோருக்கும் ஒரே லோகோ போவதில்தான் எனக்குக் குறை.

அதனால் நான் அனுப்பிய யோசனை இது. புது அச்சு வேண்டாம், அண்ணனிடம் இருக்கும் கிளி அச்சே போதும். அடிப்பாகத்தில் வாங்குபவரின் பெயரையும் அவருக்குப் பிடித்த எபிசோடின் எண்ணையும் அந்த அக்காக்களே தூரிகையால் எழுதுவார்கள். அச்சுக்குப் போகும் பணம் கைவேலைக்குப் போகும். ஒவ்வொன்றும் வேறாக இருப்பது பெரிய ஆலைக்குத் தொல்லை. இங்கே எப்படியும் அப்படித்தான் இருக்கிறது. எழுத்துக்குத் தனிக் கூலி வேண்டும் என்றார் ஓர் அக்கா. நியாயம்தான், விலையில் சேர்த்துவிட்டேன்.

பாட்காஸ்ட்காரர்கள் மாதிரி கேட்டிருக்கிறார்கள். அண்ணனுக்கு வேறு கவலை. "ஒரு தடவை வாங்கிட்டுப் போயிடுவாங்களா, இல்ல மறுபடி கேப்பாங்களா தம்பி?"

சூளைக்கு மாதாமாதம் வேலை வேண்டும். ரசிகர் ஒருமுறை வாங்கினால் அலமாரி நிறைந்துவிடும். அவரிடம் யானை, மயில் அச்சுகளும் சும்மா கிடக்கின்றன. ஐம்பது எபிசோடுக்கு ஒருமுறை பொம்மையை மாற்றலாம் என்று ஒரு வரி சேர்த்து, மாதிரிக் கிளிகளோடு அனுப்பியிருக்கிறேன்.