பெட்டிக்குள் போன ஸ்வெட்டர்

சென்னையில் இருக்கும் நமக்குக் கம்பளி உடை எதற்கு என்று கேட்கிறீர்களா? கேளுங்கள், கேட்டுவிட்டு உங்கள் வீட்டுப் பரண் மேல் இருக்கும் பெட்டியை ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். மாமனாரின் மஃப்ளர், ஊட்டிக்குப் போனபோது வாங்கிய சால்வை, குழந்தைக்கு யாரோ கொடுத்த குல்லாய் எல்லாம் அதில் இருக்கும். வருஷத்தில் பதினைந்து நாள் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் பெட்டிவாசம்தான்.

என் பெட்டியில் அம்மாவின் ஸ்வெட்டர் இருந்தது. அப்பாவுக்கு டில்லியில் உத்தியோகமாக இருந்தபோது, 1984-ல், அம்மா தன் கையாலேயே பின்னியது. நீல நிறம். அம்மா இப்போது இல்லை. 2023 ஜனவரியில் பத்திரிகை வேலையாக டில்லிக்குப் போனபோது அதைத்தான் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்ததும், "நாலே நாள்தானே போட்டோம், அழுக்கே இல்லையே!" என்று அப்படியே மடித்து வைத்தேன். ஐந்து பாச்சை உருண்டையும் போட்டேன். அந்த வருஷம் மார்கழியில் எடுத்து உதறினால், ஏழு ஓட்டைகள்! கைப் பக்கம் காபி சிந்திய இடத்தில் இருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிசு.

அன்றைக்கு அழுதுவிட்டுப் பிறகுதான் விஷயத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். பறக்கிற அந்துப்பூச்சி துணியைத் தின்பதே இல்லை. தின்பது அதன் புழு. வெறும் கம்பளி மட்டும் அந்தப் புழுவுக்குப் போதாது. நம் வியர்வையும், சிந்திய காபியும், குழம்பும் சேர்ந்தால்தான் அதற்கு விருந்து. கண்ணுக்குத் தெரியாத அழுக்கை நான்தான் பரிமாறி வைத்திருக்கிறேன்!

பாச்சை உருண்டை என்ன செய்தது என்கிறீர்களா? அதன் ஆவி பெட்டிக்குள் அடர்த்தியாகத் தங்கினால்தான் புழு சாகும். என் டிரங்குப் பெட்டியின் மூடியோ ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. ஆவியைச் சுவாசித்ததெல்லாம் நாங்கள்தான். கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்த உருண்டையே வேண்டாம். சில குழந்தைகளுக்கு அது ரத்தத்தின் சிவப்பணுக்களை அழித்துவிடும். வாசனைக்காகக் கற்பூரத்தையும் கூடப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இளகித் துணியில் கறை படியும்.

இப்போது, ஒரே நாள் போட்டிருந்தாலும் பச்சைத் தண்ணீரில், காரமில்லாத சோப்பில் கசக்காமல் அலசுகிறேன். துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, பாயில் பரப்பி நிழலில் உலர்த்துகிறேன். கொடியில் தொங்கவிட்டால் ஸ்வெட்டர் முழங்கால் வரை நீண்டுவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு பழைய வேஷ்டியில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் வைக்கிறேன். அம்மா வேப்பிலை போடுவாள். நானும் போடுகிறேன், ஆனால் அதை மட்டும் நம்புவதில்லை. இருட்டும் அமைதியும் அந்துக்குப் பிடித்தவை. ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து உதறுகிறேன்.

புழு இருக்குமோ என்று சந்தேகமா? பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் சால்வையா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டுமே!

அம்மாவின் ஸ்வெட்டரை எதிர்வீட்டு மாமி இழையோட்டித் தந்தாள். நீலம் சரியாகப் பொருந்தவில்லை. போன மார்கழியில் எடுத்து எண்ணிப் பார்த்தேன். அதே ஏழு ஒட்டுகள்தான் இருந்தன.