ஒரு கிண்ணம் கரி



அனுப்பம்பட்டில் எங்கள் மதரஸாவின் ஆண்டு விழாவுக்காக, பழவேற்காட்டில் நடந்த அடிமை வணிகத்தைப் பற்றிச் சிறு நாடகம் ஒன்று எழுதினேன். நபித்தோழர்களை மேடையில் நடித்துக் காட்டுவது நமக்கு ஆகாது. ஆதலால் பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றை விட்டு, அருகிலுள்ள கரையின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். 1610இல் அங்கே வணிகக் களம் அமைத்த டச்சுக்காரர்கள், துணிகளோடு மனிதர்களையும் வாங்கிப் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கப்பலேற்றினார்கள். பஞ்ச காலங்களில் பெற்றோரே பிள்ளைகளை விற்ற கொடுமையும் நிகழ்ந்தது.

ஆடை ஏற்பாடும் என் பொறுப்பே. டச்சு வணிகருக்குக் கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் தைக்கக் கொடுத்தேன். அடிமைகளுக்குக் கிழிந்த சாக்கு. முகத்தில் பூச ஒரு கிண்ணம் அடுப்புக்கரி. அடிமை வேடத்துக்கு நிறம் கறுத்த மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தேன். யோசித்துச் செய்ததன்று, கை தானாகவே அவர்களைச் சுட்டியது.

ஒத்திகையன்று அவர்களில் ஒருவன், "ஹஜ்ரத், எனக்குக் கரி வேணாம்தானே? இப்படியே போதும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைக் குறித்து இழித்துப் பேசியபோது, அறியாமைக் காலத்தின் குணம் அவரிடம் எஞ்சியிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி புகாரியில் உள்ளது. பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உடுத்துவதையே அவர்களுக்கும் உடுத்தக் கொடுங்கள் என்பது அதே நபிமொழியின் கட்டளை. பிற்காலத்தில் அபூதர் (ரலி) அவர்களும் அவருடைய அடிமையும் ஒரே வகை ஆடையில் காணப்பட்டார்கள். ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம் இது!

மறுநாள் கரியைக் குப்பையில் கொட்டினேன். கப்பலேற்றப்பட்டவர்கள் நம்மைப் போன்றவர்கள். விற்றவர்களிலும் நம்மைப் போன்றவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கிடையே நிறத்தைப் புகுத்தியவன் நானே. கட்டம்போட்ட கைலிக்குப் பழவேற்காட்டின் பெயரைத்தான் மலாய் மக்கள் இன்றும் 'பெலிக்காட்' என்று வழங்குகிறார்கள். விற்பவர், விற்கப்படுபவர் அனைவருக்கும் அந்தக் கைலியையே உடுத்தினேன். விற்கப்படுவோரின் மணிக்கட்டில் ஒரு கயிறு, அவ்வளவே. வேடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம். அந்தப் பிள்ளைக்கு மாலுமி வேடம் வந்தது.

விழா முடிந்தபின் அவனைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

"எதுக்கு ஹஜ்ரத்?" என்றான்.