ஒளியைத் திரட்டிய சிறுவர்

1905ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் படக்கருவி ஒன்றை வாங்கி, ஊர்தோறும் சலனப்படம் காட்டத் தொடங்கினார். இத்தகைய கருவிக்கு விளக்கு மட்டும் போதாது. ஒளியைத் திரட்டும் வில்லையும் வேண்டும். இவ்வுண்மையைச் சென்னை ஊரூர் ஒல்காட் குப்பத்தில் நான் கண்கூடாகக் கண்டேன்.

அடையாறு கடலொடு கலக்குமிடத்தை அடுத்த அம்மீனவர் ஊரில், என்னிடம் தமிழ் பயிலும் சிறுவர் சிலர் அட்டைப் பெட்டியில் படக்கருவி அமைத்தனர். கண்ணாடித் துண்டில் தாம் வரைந்த கட்டுமரத்தைச் சுவரிற் காட்டினர். படம் மங்கலாய் விழுந்தது. இளமையில் கட்டுமரம் செலுத்திய பெரியவர் ஒருவர், "என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே, தம்பிகளா!" என்று வருந்தினார். பெரிய விளக்கு இட்டனர். பெட்டி சூடேறியதேயன்றிப் படம் தெளியவில்லை.

அறிவியல் ஆசிரியர் காரணம் கூறினார்: "விளக்கொளி எத்திசையும் சிதறும், படத்தினூடே சென்று முன்வில்லையை அடைவது சிறு பகுதியே. ஒருபுறம் தட்டையாயும் மறுபுறம் குவிந்தும் உள்ள வில்லைகள் இரண்டை, குவிந்த முகங்கள் எதிரெதிர் நோக்க, விளக்குக்கும் படத்துக்கும் இடையே நிறுத்துங்கள். அவை சிதறும் ஒளியை வாங்கிப் படம் முழுதும் செலுத்தி, முன்வில்லையிற் குவிக்கும். விளக்கின் பின்னே குழியாடி வைத்தால், பின்செல்லும் ஒளியும் வீணாகாது."

சிறுவர் அவ்வாறே செய்தனர். பழைய சிறு விளக்கே போதியதாயிற்று. பெரியவர் சுவரருகே சென்று உற்று நோக்கி, "மரத்தின் முனையை இன்னும் சற்று உயர்த்தி வரையுங்கள்; இல்லையேல் அலையிற் செருகிவிடும்" என்றார்.