வேதாளம் கற்பித்த தமிழ்

அகத்தியர் மலையின் அடிவாரத்துத் தேயிலைத் தோட்டமாகிய போனக்காட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். பள்ளியில் மலையாளம், லயத்தில் பேச்சுத் தமிழ் மட்டுமே. எழுத்தறியாத எம் தந்தையார், நாகர்கோவில் சென்று திரும்பும்போதெல்லாம் படங்களுக்காகவே 'அம்புலிமாமா' வாங்கி வருவார்.

1947இல் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அவ்விதழில் எங்களை ஆட்கொண்டது விக்கிரமாதித்தன் கதை. கையில் வாள், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாடு. ஓவியர் சங்கர் தீட்டிய அச்சித்திரத்தை அக்காள் ஒருநாள் அடுப்புக்கரியால் சுவரில் வரைந்துவிட்டாள். அடி விழுமென்று அஞ்சி நின்றோம். தந்தையாரோ நெடுநேரம் பார்த்துவிட்டு, "யாரம்மா இவன்? கதையைப் படி, கேட்போம்" என்றார். படிக்கத் தெரியாமல் விழித்தோம்.

மறுநாளே பக்கத்து வீட்டுக் கங்காணித் தாத்தாவிடம் தமிழெழுத்துக் கற்கத் தொடங்கினோம். பின்னர் இரவுதோறும் வாசித்தோம். மன்னன் விடை கூறுமுன் நிறுத்துவோம். தந்தையார் தம் தீர்ப்பைச் சொல்வார். பெரும்பாலும் அது ஏழையின் பக்கமே சாயும்.

அவ்விதழ் இன்று வருவதில்லை. சங்கரும் 2020இல் மறைந்தார். நாங்களோ ஊர் கடந்து வந்து, மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கிறோம். எம் மகள் ஆங்கில மாயக்கதைகளில் மூழ்கி, அவற்றின் வீரர்களை ஓயாது வரைகிறாள். கடிந்துகொள்ள வாயெடுத்த எமக்கு அந்தக் கரிச்சுவர் நினைவில் எழுந்தது. விக்கிரமாதித்தன் கதையைச் சொன்னோம்.

மறுநாள் வேதாளத்தை வரைந்து வந்தாள். அடியில் தமிழிலேயே பெயர்: 'வேதாலம்'. அப்போது திருத்தவில்லை; அடுத்த கதையைத் தொடங்கினோம்.