காட்டைக் காப்பவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள்

கேரளத்தின் பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் கல்லாற்றில் இறங்கி மீன்முட்டி அருவிக்கு நடப்பதுண்டு. வழிகாட்டி அழைத்துப் போகிறவர்கள் வன சம்ரக்ஷண சமிதி என்ற வனப் பாதுகாப்புக் குழுவின் உள்ளூர்க்காரர்கள். எந்தக் கயத்தில் ஆழம், எப்போது வெள்ளம் திரளும், யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பத்மஸ்ரீ பெற்ற மூலிகை வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மாவின் ஊர் இந்தக் கல்லாறுதான். 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் இங்கேதான் விரிகிறது.

பட்டியல் காட்டைக் காக்காது. கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவரும், ராத்திரியில் ரோந்து போகிறவரும்தான் காக்கிறார்கள். அவர்களில் பலர் தினக்கூலி வாச்சர்கள். அரசுக்குப் பணமுடை வந்தால் முதலில் தள்ளிப்போவது இவர்கள் கூலி.

2020இல் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் காட்டுத்தீயை அணைக்கப்போன மூன்று வனக்காவலர்கள் கருகி இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் வயநாட்டில் குறுவா தீவுச் சுற்றுலாப் பணியிலிருந்த சமிதி ஊழியரை யானை கொன்றது. இத்தனை ஆபத்தான வேலைக்கு நிரந்தரம் இல்லை என்பது அநியாயம்.

2025இல் அமெரிக்கா தேசியப் பூங்கா ஊழியர்கள் சுமார் ஆயிரம் பேரை நீக்கியபோது மக்கள் பூங்கா வாசல்களில் திரண்டு எதிர்த்தார்கள். நாமும் பேச வேண்டும். மாதம் தவறாத சம்பளம், காப்பீடு, காலியிடங்களில் நியமனம்: இம்மூன்றையும் உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள். இந்தக் காட்டிலிருந்து வரும் வாமனபுரம் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த உரிமை உண்டு.