நீ, நீரு, நீங்க

எங்கள் வீட்டுக்கு அடுத்த மனையில் மாடி வீடு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. பீகாரிலிருந்து வந்த நாலைந்து பேர் அங்கே வேலை பார்த்தார்கள். ஒருநாள் மத்தியானம் அங்கிருந்து பெரிய சத்தம். எட்டிப் பார்த்தேன். அறுபது வயதைத் தாண்டிய உள்ளூர்க் கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொதித்துக்கொண்டிருந்தார்.

"ஆரப் பாத்துல நீன்னு சொல்லுக? எனக்க பேரனுக்க வயசு காணுமா உனக்கு?"

எதிரே நின்ற பீகார்க்காரருக்கு இருபது வயதிருக்கும். அவர் கேட்டது இவ்வளவுதான்: "நீ சாப்பிட்டியா?"

அன்றைக்குச் சாயந்திரம் அந்த இளைஞர் எங்கள் திண்ணைக்கு வந்தார். நான் முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் வாத்தியாராக இருந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தான் செய்த தப்பு என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கொஞ்ச ஹிந்தியில், பெரியவர்களை 'நீங்க' என்று சொல்ல வேண்டும், உங்கள் 'ஆப்' மாதிரி என்றேன். அவர் முகம் மாறியது. "தமிழில் ஆப் கிடையாது என்றல்லவா நினைத்தேன்" என்றார்.

அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. தூ, தும், ஆப் என்று மூன்று படிகள் உள்ள மொழியிலிருந்து வந்தவர் அவர். மரியாதை தெரியாதவர் அல்லர். ஏழு மாதமாக இந்த ஊரில் ஒருவர்கூட அவரை 'நீங்க' என்று அழைத்ததில்லை. காதில் விழுந்தது 'நீ' ஒன்றுதான். விழுந்ததை அப்படியே திருப்பிச் சொன்னார். கிணற்றடியில் தண்ணீர் எடுக்க வந்தபோதெல்லாம் நானும் அவரை 'நீ' என்றுதான் அழைத்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து திண்ணையில் பாடம் தொடங்கியது. பெயர்ச்சொற்களில் பாதியை அவரே சேர்த்து வைத்திருந்தார். சாந்து, சட்டி, மணல், சாரம், தூக்குக்குண்டு எல்லாம் வேலையிடம் கற்றுத் தந்தவை. வேற்றுமை உருபு ஏறும் இடத்தில்தான் தடுமாற்றம். 'சாரம்ல', 'வீடுல', 'கிணறுல' என்பார். சாரம் சாரத்து ஆகும், வீடு வீட்டு ஆகும், கிணறு கிணற்று ஆகும், அதற்குப் பிறகுதான் உருபு வந்து உட்காரும் என்று சொன்னேன். ஹிந்தியில் 'கம்ரா' என்பது 'மே' வரும்போது 'கம்ரே' ஆகிறதே, அது போலத்தான் என்றதும் பிடித்துக்கொண்டார். 'நான்' என்பது 'என்' ஆவதும் அவருக்குக் கடினமாக இல்லை. பாடப்புத்தகத்து 'என்னுடைய'வையும் எங்கள் ஊர் 'எனக்க'வையும் சேர்த்தே கற்றுக்கொண்டார்.

பால் பற்றிப் பேச்சு வந்தபோது, "சட்டி ஆணா பெண்ணா?" என்று கேட்டார். அவர் மொழியில் கிதாப் பெண்பால், தர்வாஜா ஆண்பால். தமிழில் அந்தச் சுமை இல்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் திணையில்தான் தொடங்குகிறது: மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. அந்த நூல் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்கிறது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்தில் இருக்கும் அதங்கோடுதான் அவர் ஊர் என்று நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். பணமும் பிறப்பும் அந்தத் திணைக் கணக்கில் சேரவில்லை. வேலை தேடி வந்தவரும் உயர்திணைதான். அப்படி வந்தவர்களைப் பார்த்து 'அதுக' என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த முதல் பாடம் நினைவுக்கு வருகிறது.

மூவிடப் பெயர்களில் அவரை நெடுநாள் நிறுத்திவைத்தது 'நாம்', 'நாங்கள்'. பீகார்ப் பக்கம் 'ஹம்' என்ற ஒரே சொல் 'நான்' என்பதற்கும் வரும், 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் வரும். ஒருநாள், "நாம நாளைக்கு ஊருக்குப் போறோம்" என்றார். "நானுமா?" என்று கேட்டேன். விழித்தார். கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', வெளியே நிறுத்தினால் 'நாங்கள்' என்று விளக்கினேன். கேட்பவரை உளப்படுத்துவது என்று இலக்கணக்காரர்கள் இதைச் சொல்வார்கள். அழகான சொல். உளப்படுத்துவது என்றால் உள்ளே கூட்டிக்கொள்வது.

இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்து தமிழ் படித்தவர்கள் புதிதில்லை. ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி 1804-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றார். 1806-இல் திருவிதாங்கூருக்குள் நுழைந்து மயிலாடியை மையமாகக் கொண்டு ஏறத்தாழப் பத்து வருஷம் பணி செய்தார். அவருடைய ஜெர்மன் மொழியிலும் நாமுக்கும் நாங்களுக்கும் சேர்த்து ஒரே சொல்தான். அவரும் இதே வாசலில் நின்று யோசித்துத்தான் உள்ளே வந்திருக்க வேண்டும்.

தன் மொழி செல்லாத இடத்தில் நிற்கும் வேதனை எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று இங்கே நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழ்நாட்டோடு இணைந்தன. மொழிக்காக அவ்வளவு கொடுத்த ஊர், தன் மொழியைப் பழக வருகிறவருக்கு அதன் நல்ல சொற்களைக் கொடுக்கக் கடமைப்பட்டது.

ஒரு மாதம் கழித்து அந்த இளைஞர் கொத்தனாரிடம், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். கிழவர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு, "சாப்பிட்டேன். நீரு சாப்பிட்டீரா வே?" என்றார். 'நீ'க்கும் 'நீங்க'வுக்கும் நடுவில் நாங்கள் வைத்திருக்கும் 'நீரு', சரிசமமான ஆளுக்குச் சொல்வது. பழந்தமிழ் 'நீயிர்' என்பதற்கு உறவான சொல். நன்னூல் முன்னிலைப் பெயர்களில் 'நீர்' என்று இதையும் எண்ணுகிறது. அந்த ஒரு சொல்லில் கொத்தனார் அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்.

தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றையும் நம் முன்னோர் 'இடம்' என்றே சொன்னார்கள். எந்தச் சொல்லால் ஒருவரை அழைக்கிறோமோ, அந்த இடத்தைத்தான் அவருக்குக் கொடுக்கிறோம். உங்கள் தெருவிலும் யாராவது தமிழ் பழகிக்கொண்டிருப்பார். அவரிடம் நாளைக்கு, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். அவருடைய தமிழ் அங்கிருந்து தொடங்கட்டும்.